இந்த எண்ணுக்கு மட்டும்

“செத்தவன் மேல பழியப் போடாதீங்க காசியண்ணே...”

“நான் எங்க பழி போட்டேன்? போன் வரலைன்னு சொன்னா அது பழியா?”

“எந்தம்பி வச்ச மெசினு பொய் சொல்லாது. உங்க போன்ல சார்ஜு இருந்திருக்காது, இல்ல, தலைமாட்டுல வைக்காம எங்கிட்டாவது...”

“எனக்கு மட்டுமா வரல? அறுபத்துமூணு வீட்டுக்கும் வரல! உனக்கு வந்துச்சா? வேலப்பர் மேல சத்தியமாச் சொல்லு வள்ளி, உனக்கு வந்துச்சா?”

சண்முகவள்ளி வயலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கொடைக்கானல் மலையில், பூண்டியின் மேல்சரிவில் தட்டுத் தட்டாக இறங்கும் உருளைக்கிழங்கு வயல்கள் நேற்று சாயங்காலம் வரை பச்சையாக நின்றன. இப்போது காலை ஒன்பது மணி. இலைகள் எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் முக்கியெடுத்த கீரை மாதிரி கறுத்துத் துவண்டு கிடந்தன. இந்த வருடம் பனி பிந்தி வந்தது. மார்கழி முழுக்க மழை மூட்டம். தை பிறந்து நாலாம் நாள் வானம் வெளுத்தது. அன்றைக்கு ராத்திரியே உறைபனி இறங்கிவிட்டது.

உறைபனிக்கு மலைக்காரர்களிடம் ஒரு மாற்று உண்டு. பனி இலைமேல் உட்கார்ந்திருக்கும்போதே வெயில் பட்டால்தான் செடி கருகும். அதற்கு முன்னால் எழுந்து, தெளிப்பானைத் திறந்துவிட்டு, இலையைக் கழுவிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். அந்த ஒரு மணி நேரம் தூங்கினால் வயல் போயிற்று.

அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் சண்முகவள்ளியின் தம்பி செந்தில்வேல் மூன்று வருடத்துக்கு முன்னால் தன் வயல் நடுவில் ஒரு கம்பம் நட்டான். கம்பத்தின் உச்சியில் குளிரை அளக்கும் ஒரு வெள்ளைப் பெட்டி. வீட்டுக்குள் அலமாரியில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர். குளிர் இரண்டு டிகிரிக்குக் கீழே போனால், கம்ப்யூட்டர் இன்டர்நெட் வழியாக ஒரு போன் கம்பெனிக்குச் சொல்லும்; கம்பெனி அறுபத்துமூன்று வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போன் அடிக்கும். எடுத்தால் செந்தில்வேல் பேசுவான். அவன் என்றைக்கோ பேசிப் பதிந்து வைத்த குரல்.

அந்தச் செந்தில்வேல் போன வைகாசியில், வத்தலக்குண்டு மார்க்கெட்டில் கேரட் மூட்டை இறக்கிவிட்டு ஒரு டீ சொன்னான். டீ வருவதற்குள் பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டான். முப்பத்தெட்டு வயது.

“முன்னாடியெல்லாம் வாரத்துக்கு நாலு வீடுன்னு முறை போட்டு முழிச்சிருந்தோம்,” என்றார் காசிநாதன். கையில் கடப்பாரை இருந்தது. “இந்தக் கம்பம் வந்துச்சு, முறை போச்சு. மெசினு எழுப்பும்னு இழுத்துப் போத்திட்டுப் படுத்தோம். நம்புனது எங்க தப்பு. இன்னிக்கு இதப் புடுங்கிப் போட்டாத்தான் நாளைக்கு மனுசன் முழிப்பான்.”

“அது எந்தம்பி நட்டது.”

“ஒந்தம்பி நல்லவன்தான். யாரு இல்லைன்னா? அவன் போனதோட அவன் செஞ்சதும் போச்சு. அம்புட்டுத்தான்.”

“அந்தத் தம்பியோட நான் எத்தனை விடியக்காலம் கதைச்சிருக்கேன்,” என்றாள் கூலிக்குக் கிழங்கு தோண்ட வரும் சுப்பம்மா. சிலோன் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தபோது அவளுக்குப் பத்து வயது. பேச்சில் அந்த மலை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. “முழிச்சிட்டீங்களான்னு கேக்கும். முழிச்சிட்டேன் ராசா, நீ தேத்தண்ணி குடிச்சியான்னு நானும் கேப்பேன்.”

“அது ரெக்கார்டு, கிழவி. அது எப்பிடித் தேத்தண்ணி குடிக்கும்?” என்றார் காசிநாதன்.

“ரெக்கார்டுன்னு எனக்குத் தெரியாதாக்கும்? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம போனை வைக்கிறது மரியாதையா?”

கூடி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். வயலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

சண்முகவள்ளி வீட்டு வாசலைப் பார்த்தாள். தம்பி மனைவி ஷர்மிளா சால்வையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு அங்கே நின்றாள். வலது கைக்குள் போன்.

“ஏம்மா, நீயாச்சும் சொல்லேன்! ஒனக்குத்தான அந்த மெசினு தெரியும்? கெட்டுப்போச்சா என்னன்னு பாத்துச் சொல்லு. இவுக வாயை அடைக்கணும்.”

“பாக்குறேன் மதினி,” என்றாள் ஷர்மிளா. “நீங்க மட்டும் உள்ள வாங்க.”

“அஞ்சு நிமிசம் காசியண்ணே. எம் மேல ஆணை, கம்பத்துல கை வைக்காதீங்க.”

“அஞ்சு என்ன, பத்து எடுத்துக்க. கருகுனது பச்சையாகவா போகுது?”

உள்ளே ஷர்மிளா கதவைச் சாத்தினாள். அலமாரிக்குப் பக்கத்தில் பழைய மானிட்டர் ஒன்று, எழுத்துத் தேய்ந்த கீபோர்டு ஒன்று. திரை முழுக்கக் கறுப்பு. அதில் வெள்ளை வரிகள். ஷர்மிளாவுக்கு இந்தத் திரை பழக்கம். கொடைக்கானலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அவள் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் செந்தில்வேல் அங்கே படிக்க வந்தான். படிப்பை முடிக்கவில்லை, வாத்தியாரைக் கட்டிக்கொண்டு ஊர் வந்துவிட்டான் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

“இந்த வரியப் பாருங்க மதினி.”

“எனக்கு எங்க இங்கிலீசு தெரியும்?”

“நம்பரு மட்டும் பாருங்க.”

சண்முகவள்ளி குனிந்தாள். “நாலு முப்பத்தெட்டு. அது மணி. ஒண்ணு புள்ளி ஆறு... அது குளிரா? அப்ப மெசினு கண்டுபிடிச்சிருக்கு! நான் சொல்லல? ஏ புள்ள, கதவத் தெற, அந்தாளக் கூப்புடு...”

“இருங்க. அதுக்கடுத்த நம்பரு.”

“ஒண்ணு.”

“எத்தன வீட்டுக்குப் போன் போச்சுங்கிற கணக்கு அது.”

“அறுபத்துமூணுல்ல இருக்கணும்?”

“ஒண்ணுதான் போச்சு. எனக்கு வந்துச்சு.”

சண்முகவள்ளி நிமிர்ந்தாள். “ஒனக்கு வந்துச்சா?”

“வந்துச்சு.”

“விடியக்காலம் நாலு முப்பத்தெட்டுக்கு, எந்தம்பி பேசுனான். பனி இறங்கிருச்சுன்னு சொன்னான். நீ கேட்ட.”

“ஆமா மதினி.”

“அப்புறம் ஏன்டி எங்க யாரையும் எழுப்பல?”

ஷர்மிளா நாற்காலியில் உட்கார்ந்தாள். நின்றுகொண்டு சொல்லக்கூடியதாக அது இல்லை.

“மார்க்கெட்டுக்கு மூட்டை போடுறப்ப வாயில ஒரு சீட்டு கட்டுவீங்கல்ல, எந்த மண்டிக்கு, யாரு பேருக்குன்னு?”

“அதுக்கும் இதுக்கும் என்ன?”

“இதுவும் அப்பிடித்தான். உள்ள இருக்குற சரக்கு அவரோட குரல். கம்பெனிக்கு நாம சொல்லி அனுப்புறப்ப மேல சீட்டு கட்டணும். இந்த வீட்டுலருந்து வருதுன்னு ஒரு சீட்டு. இன்ன குரலைப் போடுன்னு ஒரு சீட்டு. ஹெட்டர்னு சொல்லுவாங்க. ஒவ்வொண்ணும் நாமளே எழுதிக் கட்டுறதுதான். அவரு மெசினை டெஸ்ட் பண்றப்ப ஊரு முழுக்க எழுப்பக் கூடாதுன்னு இன்னொரு சீட்டு சேத்துப்பாரு. இந்த எண்ணுக்கு மட்டும்னு. அப்பிடிக் கட்டினா அந்த ஒரு நம்பருக்கு மட்டும் அடிக்கும்.”

“சரி.”

“அவரு காரியம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் நான் அதை அனுப்பிப் பாத்தேன். என் நம்பரப் போட்டு.”

சண்முகவள்ளி திரையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

“வேலை முடிஞ்சு கொடைக்கானல் பஸ்ஸுல வந்து இறங்கி, சால்வையக்கூட எடுக்காம இதுக்கு முன்னால உக்காருவேன். தட்டிவிட்டா கொஞ்ச நேரத்துல போன் அடிக்கும். அவரு பேசுவாரு. முழிச்சிட்டீங்களான்னு கேப்பாரு. அதுக்கப்புறம் பத்து செகண்டு லைன் அப்பிடியே இருக்கும், கட்டாகாது. அந்தப் பத்து செகண்டுல நான் ஏதாவது சொல்லிக்குவேன்.”

“தினமுமா?”

“தினமும்.”

“அதை நீ ஒரேயடியாப் பிடிச்சு வச்சுக்கிட்டுக் கேக்க வேண்டியதுதான? போன்லதான் ரெக்கார்டு பிடிக்கலாமே?”

“பிடிச்சுப் பாத்தேன். அது பாட்டு கேக்குற மாதிரி இருக்கு. போன் அடிக்கணும் மதினி. அவரு கூப்புடணும்.”

சண்முகவள்ளி சுவரில் சாய்ந்தாள்.

“எனக்கு ஒரே பயம். ஒரு நாள் அழுகையில அந்தச் சீட்டக் கட்ட மறந்துட்டா, ஊரு முழுக்க அவரு குரல் போயிரும். கிழவி முழிச்சிட்டேன் ராசான்னு சொல்லும். காசி மாமா என்ன நினைப்பாரு, நீங்க என்ன ஆவீங்க. அதனால ஐப்பசி மாசத்துல ஒரு காரியம் பண்ணேன். இந்த கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைல் இருக்கு. பேரு புள்ளியில ஆரம்பிக்கும், சும்மா பாத்தா கண்ணுக்குத் தெரியாது. அதுல ஒரு வரி எழுதி வச்சா, ஒவ்வொரு தடவையும் நாம தட்ட வேண்டியதில்ல. எது அனுப்புனாலும் தானா அந்தச் சீட்டு விழுந்துரும். இந்த எண்ணுக்கு மட்டும்னு எழுதி வச்சுட்டேன். இனி மறக்காதுன்னு நிம்மதியா இருந்துச்சு.”

“எது அனுப்புனாலுமா?”

“எது அனுப்புனாலும். குளிரைப் பாத்துக்கிட்டே இருக்க அவரு எழுதி வச்ச ப்ரோகிராமும் நான் தட்டுற இதே கமாண்டைத்தான் கூப்புடுது. விடியக்காலம் அது சரியா முழிச்சுக்கிட்டு, சரியா அனுப்பிருக்கு. நான் எழுதுன சீட்டு அது மேலயும் விழுந்துருச்சு.”

வெளியே யாரோ இருமினார்கள். சுப்பம்மா எதையோ சொல்ல, காசிநாதன் அதட்டினார்.

“சரி,” என்றாள் சண்முகவள்ளி. குரல் இறங்கியிருந்தது. “மெசினு தெரியாமப் போச்சு. ஒனக்குக் காது கேட்டுச்சுல்ல? பனி இறங்கிருச்சுன்னு அவன் சொன்னது கேட்டுச்சுல்ல? ஓடி வந்து என் கதவத் தட்ட வேண்டியதுதான? ரெண்டு தட்டு கீழ இறங்குனா என் வீடு.”

“கேட்டுச்சு. ஆனா அவரு தினமும் அதைத்தான மதினி சொல்றாரு? ஆடி மாசத்துலயும் பனி இறங்கிருச்சுன்னுதான் சொன்னாரு. மழையில நனைஞ்சு வந்து உக்காந்தப்பவும் அதான். எனக்கு அந்த வார்த்தையே காதுல விழுகுறது இல்ல. குரல் மட்டுந்தான்.”

“நீ தட்டிவிடலியே? தானா அடிச்சதுன்னு தெரியலியா?”

“தெரிஞ்சுச்சு.” ஷர்மிளா கைக்குள்ளிருந்த போனைப் பார்த்தாள். “அவரா கூப்புட்டாருன்னு நினைச்சேன். அரைத் தூக்கம். நான் கேக்காம அவரா ஒரு தடவை கூப்புட்டுட்டாருன்னு. முழிச்சிட்டீங்களான்னு கேட்டாரு. முழிச்சிட்டேன், நீங்க தூங்குங்கன்னு சொன்னேன். போனை நெஞ்சு மேல வச்சுக்கிட்டுப் படுத்தேன். எட்டு மாசத்துல இன்னிக்குத்தான் மதினி நல்லாத் தூங்குனேன். வெயிலு மொகத்துல அடிச்சப்புறந்தான் முழிச்சேன்.”

சண்முகவள்ளி கையை ஓங்கினாள். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தன் தலையிலேயே வைத்துக்கொண்டாள்.

“ஒன் வயலையும் சேத்து நாந்தான்டி இந்த வருசம் போட்டேன். விதைக்கிழங்கு நாந்தான் தேடித் தேடி வாங்குனேன். எல்லாம் கருகிக் கெடக்கு. நீ...” அவள் நிறுத்தினாள். பிறகு, வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். “எந்தச் சம்சாரியாவது பனி விழுகணும்னு சாமி கும்புடுவாளா?”

“மதினி?”

“நான் கும்புட்டேன். கார்த்திகையிலருந்து கும்புடுறேன். ஒரு நாள் உறைபனி இறங்கட்டும் வேலப்பா, ஒரு நாள் மட்டும், எந்தம்பி குரலைக் கேட்டுக்கிறேன், வயலு போனாலும் போகட்டும்னு. தினமும் ராத்திரி போனைத் தலைமாட்டுல வச்சுட்டுத்தான் படுக்குறேன். மழை மூட்டம் போட்டா எல்லாரும் சந்தோசப்படுவாக, எனக்கு மட்டும் எரிச்சலா வரும். நேத்து வானம் வெளுத்துச்சு. நாளைக்கு விடியக்காலம் பேசிருவான்னு நினைச்சுக்கிட்டுப் படுத்தேன்.” அவள் மூக்கைத் துடைத்தாள். “விடிஞ்சு எந்திரிச்சு வாசலுக்கு வந்தா வயலு கறுத்துக் கெடக்கு. போனப் பாத்தேன். ஒண்ணும் வரல. வயலு போனதுக்கு நான் அழுகலடி. பனி வந்தும் அவன் கூப்புடலியேன்னுதான் அழுதேன்.”

ஷர்மிளா எழுந்து அவள் கையைப் பிடித்தாள். சண்முகவள்ளி கையை உதறவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

“ஒனக்கு அவன் தினமும் பேசிருக்கான். எனக்கு ஒரு நா சொல்லலாம்ல? வாங்க மதினின்னு ஒரு நா கூப்புட்டிருக்கலாம்ல?”

“வெக்கமா இருந்துச்சு.”

“என்னடி வெக்கம், அக்காகிட்ட?”

அப்போது வெளியே கல்லில் இரும்பு மோதும் சத்தம் கேட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை. காசிநாதனின் பத்து நிமிடம் முடிந்திருந்தது.

ஷர்மிளா கதவுப் பக்கம் திரும்பினாள். சண்முகவள்ளி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“எங்க போற?”

“தப்பு என்னுதுன்னு சொல்லப் போறேன்.”

“சொல்லாத.”

“மதினி!”

“சொல்லாதன்னா சொல்லாத. மெசினு கெட்டுப்போச்சுன்னே இருந்துட்டுப் போகட்டும். கம்பத்தப் புடுங்கட்டும். செத்தவனுக்கு என்ன வெக்கம், என்ன மானம்? நீ இந்த ஊருல இருக்கணும். தெனம் அந்த பஸ்ஸுல ஏறி இறங்கணும். அறுபது வீட்டு வயலக் கருக்குனவ இவதான்னு ஒவ்வொருத்தியும் பின்னால பேசுறத நீ தாங்க மாட்ட. அவன் இருந்தாலும் இதத்தான் சொல்லுவான்.”

“காலையிலருந்து அவரு மெசினு பொய் சொல்லாதுன்னு தொண்டை கிழியக் கத்துனது நீங்கதான?”

“அப்ப எனக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சு போச்சு. போதும்.”

“எனக்குப் போதாது,” என்றாள் ஷர்மிளா. “அவரு செஞ்சது கெடல மதினி. எட்டு மாசமா அது ஒரு நாள்கூடத் தூங்கல. நாந்தான் தூங்குனேன்.”

அவள் கதவைத் திறந்தாள்.

கம்பத்தின் அடிக்கல் ஒன்று பெயர்ந்து கிடந்தது. காசிநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டாவது கல்லுக்குள் கடப்பாரையைச் செருகிக்கொண்டிருந்தார். கீழ்த் தட்டுகளில் அங்கங்கே ஆட்கள். சிலர் கறுத்த செடியைப் பிடுங்கிக் கிழங்கு பிடித்திருக்கிறதா என்று பார்த்தார்கள். சிலர் வரப்பில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

“காசி மாமா, நிறுத்துங்க. மெசினு சரியாத்தான் இருக்கு. தப்பு என்னுது.”

“ஒன் தப்பா? என்ன தப்பு?”

“நான் அதுல ஒண்ணு மாத்தி எழுதிட்டேன். அதனால உங்க எல்லாருக்கும் வர வேண்டிய போனு எனக்கு மட்டும் வந்துச்சு.”

அவர் கடப்பாரையில் சாய்ந்து அவளை நன்றாகப் பார்த்தார். கோபம் வரவில்லை. இரக்கந்தான் வந்தது, அதை அவளால் தாங்க முடியவில்லை.

“புருசன் பேரு கெடக் கூடாதுன்னு நீ இப்பிடிச் சொல்ற. எனக்குப் புரியுது தாயி. ஊருல எவனும் அவனத் தப்பாப் பேச மாட்டான், நான் பாத்துக்கிறேன். மெசினுன்னா ஒரு நா கெட்டுத்தான போகும்? நீ உள்ள போ.”

“நெசமாத்தான் சொல்றேன் மாமா.”

“நெசமாவே இருக்கட்டும். ஒன் போனு அடிச்சிருந்தா நீ சும்மாவா படுத்திருப்ப? நீ அப்பிடிப்பட்ட புள்ள இல்ல.”

ஷர்மிளா வாயைத் திறந்தாள். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. இத்தனை பேர் முன்னால் அது வெளியே வரவில்லை. பின்னால் வாசற்படியில் சண்முகவள்ளி நின்றாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு நிமிசம் குடுங்க,” என்றாள் ஷர்மிளா. “நான் எழுதுனத அழிச்சுட்டு, அவரு மெசினு விடியக்காலம் எப்பிடி அனுப்புச்சோ அப்பிடியே இப்ப அனுப்புறேன். போன் வந்தா கம்பம் இருக்கட்டும். வரலைன்னா நானே உங்களோட சேந்து புடுங்குறேன்.”

“சரி, அனுப்பு.”

அவள் உள்ளே போனாள். புள்ளியில் தொடங்கும் அந்த ஃபைலைத் திறந்தாள். ஒரே ஒரு வரிதான் இருந்தது. இந்த எண்ணுக்கு மட்டும். அதன் பக்கத்தில் அவளுடைய பத்து இலக்கம். அதைக் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு போனாள். முழு வரியையும் ஒரே தட்டில் அழிக்க அவளுக்குத் தெரியும். ஃபைலை மூடினாள். அவன் எழுதி வைத்திருந்த கமாண்டைக் கறுப்புத் திரையில் கொண்டுவந்து, ஹெட்டர்களை ஒரு முறை வாசித்துப் பார்த்தாள். வீட்டின் அடையாளச் சீட்டு. குரலின் பெயர். வேறெதுவும் இல்லை. என்டரைத் தட்டினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

முதலில் காசிநாதனின் சட்டைப் பையில் அடித்தது. பிறகு படியில் நின்ற சண்முகவள்ளியின் இடுப்பில். பிறகு கீழ்த் தட்டில், அதற்கும் கீழே, ஓடைக்கு அந்தப் பக்கம், ரோட்டோரம் நின்ற கேரட் லாரிக்குள், பூட்டிய வீடுகளுக்குள் என்று ஒவ்வொன்றாக, பின்னர் எல்லாம் சேர்ந்து. கறுத்துக் கிடந்த சரிவு முழுவதும் போன்கள் அடித்தன. வரப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஷர்மிளாவின் கையிலும் அடித்தது, அவள் எடுக்கவில்லை. வாசலுக்கு வந்து மதினியின் பக்கத்தில் நின்றாள்.

காசிநாதன் போனை எடுத்தபோது விரல் வேறெங்கோ பட்டது. ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது.

“நான் செந்தில் பேசுறேன். உறைபனி இறங்கிருச்சு.”

அதே குரல் சண்முகவள்ளியின் கையிலிருந்து அரை நொடி பிந்தி வந்தது. கீழ்த் தட்டிலிருந்து இன்னும் பிந்தி. ஓடைக்கு அப்பாலிருந்து மெல்ல.

“வெயிலு மேல படுறதுக்குள்ள தண்ணியத் தெறந்துவிட்டு இலையக் கழுவிருங்க. வெரசா எந்திரிங்க.”

வெயில் ஏறி, பனி எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. காசிநாதன் கடப்பாரையைக் கீழே போட்டார். சுப்பம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சண்முகவள்ளி போனைக் காதில் அழுத்தியபடி படியிலேயே உட்கார்ந்தாள். கம்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

“முழிச்சிட்டீங்களா?”